தண்ணீர் விட்டது யார்

பீஸ் லில்லிச் செடியின் மண் அன்றும் ஈரமாகவே இருந்தது.

ஆள்காட்டி விரலை மண்ணுக்குள் விட்டுப் பார்த்தேன். ஈரம். மண்ணில் செருகியிருந்த சென்சாரின் எண் லேப்டாப் திரையில் ஐம்பத்தெட்டு என்று இருந்தது. அதற்கும் ஈரம் என்றுதான் அர்த்தம். அந்த எண் முப்பத்தைந்துக்குக் கீழே இறங்கினால், மூடி போட்ட பக்கெட்டுக்குள் கிடக்கும் சின்ன பம்ப் தானாக எட்டு விநாடி ஓடவேண்டும். பதினெட்டு நாட்களில் அது ஒருமுறைகூட ஓடவில்லை. பக்கெட்டின் உட்புறம் நான் போட்ட மார்க்கர் கோட்டிலேயே தண்ணீர் நின்றது. பம்ப் ஓடவில்லை, தண்ணீர் குறையவில்லை, மண் மட்டும் காயவே மாட்டேன் என்றது.

மே மாதத்தில், நெய்வேலியில், ஃபேன் ஓடும் ஹாலில், தண்ணீர் விடாத ஒரு தொட்டி காயவில்லை என்றால் யாரிடம் போய்ச் சொல்வது?

பாண்டிச்சேரியில் பசுமைக்குடில்களுக்கு ஈரமானிக் கருவிகள் செய்யும் சின்ன நிறுவனம் ஒன்று. நீண்ட இடைவெளிக்குப் பிறகு வேலைக்கு வர விரும்பும் பெண்களைக் கேட்டு விளம்பரம் கொடுத்திருந்தார்கள். இருபத்திரண்டு வருடங்களுக்கு முன்பு முடித்த எலக்ட்ரானிக்ஸ் டிப்ளமோவைப் பீரோவிலிருந்து எடுத்து ஸ்கேன் செய்து அனுப்பினேன். போனில் பேசிய இசைப்பிரியா என்கிற பெண்ணுக்கு என் மகள் சோபியாவைவிட நாலைந்து வயது கூட இருக்கலாம்.

"வீட்டுச் செடி ஒண்ணுக்குத் தானா தண்ணி விடுற மாதிரி செஞ்சு காட்டுங்க மேடம். இருபது நாள் ரெக்கார்ட் முழுசா வேணும். நடுவுல ஒரே ஒரு தடவை தானா ஓடியிருந்தாலும் போதும். வெள்ளிக்கிழமை சாயங்காலம் அஞ்சு மணிக்குள்ள அனுப்பிடுங்க."

ஒரே ஒரு தடவை. அதுகூட நடக்கவில்லை. அன்று புதன்.

நான் சும்மா இருந்துவிடவில்லை. முதலில் சென்சார்தான் பொய் சொல்கிறது என்று நினைத்து வேறு வாங்கினேன். டம்ளர் தண்ணீரில் வைத்தால் நூறு காட்டியது, வெயிலில் காயவைத்த மண்ணில் வைத்தால் ஐந்து காட்டியது. தொட்டியில் வைத்தால் மட்டும் எனக்கு விரோதி ஆகிவிடும். பிறகு, பக்கெட் உயரத்தில் இருப்பதால் குழாய் வழியாகத் தண்ணீர் தானே கசிகிறதோ என்று அதை ஸ்டூலிலிருந்து தரைக்கு இறக்கினேன். பிறகு ஒயர்கள் அத்தனையையும் பிரித்து மறுபடி மாட்டினேன், மூன்று முறை. இலைகளில் தினமும் படியும் கரித்தூளைத் துடைத்துத் துடைத்து, அந்தக் கறுப்புத் துணியோடு செடியின் முன் உட்கார்ந்திருப்பேன்.

பக்கத்துக் குவார்ட்டர்ஸ் மலர்கொடி ஜன்னல் வழியாக எட்டிப் பார்ப்பாள்.

"என்னக்கா, இன்னும் ஒயரையே நோண்டிகினு கீறீங்க? ஒரு சொம்பு தண்ணி ஊத்த எதுக்கு இவ்ளோ பாடு? எங்கிட்ட சொல்லியிருந்தா நானே வந்து ஊத்திட்டுப் போயிருப்பேனே."

சிரித்து வைப்பேன். அவள் போனபிறகு அந்தச் சிரிப்பு முகத்தில் கொஞ்ச நேரம் ஒட்டிக்கொண்டிருக்கும். துடைக்க வராது.

அந்தப் புதன் காலை இசைப்பிரியாவுக்கு மன்னிப்புக் கடிதம் எழுத உட்கார்ந்தேன். 'என்னால் முடியவில்லை' என்பதை எத்தனை விதமாக எழுதலாம் என்று யோசித்தேன். முயற்சிக்கு ஏதாவது அத்தாட்சி இருக்கட்டுமே என்று, கருவி பதினைந்து நிமிடத்துக்கு ஒருமுறை பதிந்து வைத்திருந்த எண்களைக் கடிதத்தோடு சேர்க்கத் திறந்தேன். அதுவரை அந்தப் பட்டியலை நான் முழுசாகப் பார்த்ததே இல்லை. தினமும் காலை பத்து மணிக்கு, வேலை முடிந்து, அந்த நேரத்து எண்ணை மட்டும் பார்ப்பேன். தப்பான எண்களை எதற்கு வரிசையாகப் படிப்பது?

எண்கள் அழகாக இறங்கிக்கொண்டிருந்தன. எழுபத்தொன்பது, எழுபத்தெட்டு, எழுபத்தாறு. ஒரு நாளைக்குப் பத்துப் பதினொன்று குறைந்தது. மண் காய்கிற விதமே அதுதான். பிறகு திடீரென்று ஒரே தாவலில் எண்பது. இரண்டு மூன்று நாளைக்கு ஒருமுறை, மொத்தம் ஏழு தாவல்கள்.

நேரங்களைப் பார்த்தேன். முதல் வாரம் மூன்றும் காலை ஏழு மணியை ஒட்டி. இரண்டாவது வாரம் மூன்றும் இரவு பதினொன்றை ஒட்டி. இந்த வாரம் திங்கட்கிழமை, பிற்பகல் இரண்டே முக்கால்.

சமையலறைக் கதவில் தொங்கும் காலண்டரைக் கழற்றி எடுத்துவந்து லேப்டாப் பக்கத்தில் வைத்தேன். எப்போது சோறு வடிக்க வேண்டும், எப்போது சத்தமில்லாமல் நடக்க வேண்டும் என்று தெரிவதற்காகக் கல்யாணம் ஆன மாதத்திலிருந்து வீட்டுக்காரரின் ஷிப்ட்டைக் காலண்டரில் எழுதி வருகிறேன். முதல் வாரம் நைட் ஷிப்ட். இரண்டாவது வாரம் செகண்ட் ஷிப்ட். இந்த வாரம் ஃபர்ஸ்ட் ஷிப்ட். ஏழு தாவல்களும் ஷிப்ட் முடிந்து அவர் வீடு திரும்பும் நேரத்தில்.

என் கணவர் தைரியநாதன் மைன்ஸில் நிலத்தடி நீர் பம்புகளைப் பார்த்துக்கொள்கிறார். கரிக்குக் கீழே தண்ணீர் மேலே வரத் துடித்துக்கொண்டு கிடக்கிறது. பம்புகள் ராப்பகலாக இறைத்தால்தான் சுரங்கம் சுரங்கமாக இருக்கும். பத்தொன்பது வருடத்தில் அவர் இந்த வீட்டில் எந்தச் செடிக்கும் ஒரு டம்ளர் தண்ணீர் விட்டதில்லை. அதனால்தான் எனக்கு அவர் நினைவே வரவில்லை.

இரண்டு நாற்பதுக்கு வண்டிச் சத்தம் கேட்டது. சமையலறைக்குள் நின்றுகொண்டேன். வந்தார், பையை ஆணியில் மாட்டினார், முகம் கழுவினார். குளியலறை மக்கில் தண்ணீரோடு ஹாலுக்கு வந்து, தொட்டியின் முன் குனிந்தார். பம்பைப் பார்த்தார். மக் சாய்ந்தது.

"ஊத்தாதீங்க."

அவர் கை அப்படியே நின்றது.

"பயந்தே பூட்டேன். ஏன் இப்படிக் கத்தற?"

"எத்தனை நாளா ஊத்துறீங்க?"

"மொத வாரத்துலருந்துதான்." திருடிய பிள்ளையைப் போலச் சிரிக்கப் பார்த்தார். "பம்பு நின்னுகினே கெடக்கு செசி. வரும்போதும் போகும்போதும் பாக்கறேன், ஒரு தரம்கூட ஓடல. பம்பு நின்னுபோச்சுன்னா எங்களுக்கு வயித்தக் கலக்கும், தெரியுமில்ல? அதான் கொஞ்சூண்டு..."

"இது மைன்ஸ் இல்லீங்க. மண்ணு காயற வரைக்கும் இது நிக்கணும். நின்னாத்தான் சரி. ஓட வேண்டிய நேரமே வராம நீங்க பாத்துக்கிட்டீங்க."

அவர் மக்கைப் பார்த்தார், தொட்டியைப் பார்த்தார். புரிந்துவிட்டது என்று முகத்தில் தெரிந்தது.

"நான் மூணு தடவை ஒயரைப் பிரிச்சு மாட்டினேன். பக்கத்துல உக்காந்து டீ குடிச்சுக்கிட்டிருந்தீங்க. அப்பவாவது வாயைத் திறந்து சொல்லியிருக்கலாமே?"

"எப்படிச் சொல்றது? ஆசையா செஞ்சிகினு இருந்த. அது ஓடலன்னு எனக்குத் தெரிஞ்சிபோச்சு. செடியும் வாடிடுச்சுன்னா நீ ஒடஞ்சி பூடுவ. உனக்குத் தெரியாம ஊத்திட்டா, செடியாவது நிக்குமேன்னு..."

கோபம் அதுவரை ஒரு அளவில் இருந்தது. தண்ணீர் ஊற்றியதை நான் மன்னித்திருப்பேன். ஆனால் 'அது ஓடலன்னு எனக்குத் தெரிஞ்சிபோச்சு' என்று எத்தனை சாதாரணமாகச் சொல்லிவிட்டார்! என்னால் ஆகாது என்பது அவருக்கு முதல் வாரமே முடிவாகிவிட்டது. அதன்பிறகு அவர் செய்ததெல்லாம் இரக்கம்தான். ஒரு மக் இரக்கம், ஷிப்ட் முடிந்ததும், தவறாமல். இவரோடு எதைச் சொல்லிச் சண்டை போடுவது? கெட்டது எதுவும் செய்யவில்லையே.

அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன். அழவில்லை. அழ வராத எரிச்சல் அது. அங்கே உட்கார்ந்திருக்கும்போதுதான் இன்னொன்று உறைத்தது, அது இன்னும் மோசம். கருவி முதல் நாளிலிருந்தே சரியாக வேலை செய்திருக்கிறது. யாரோ தண்ணீர் ஊற்றுகிறார்கள் என்று நேரம் போட்டு எழுதியே வைத்திருக்கிறது. நான் படிக்கவில்லை. சென்சாரைச் சந்தேகப்பட்டேன், பக்கெட்டைச் சந்தேகப்பட்டேன், ஒயரைச் சந்தேகப்பட்டேன். நான் செய்த பொருள் சரியாக இருக்கும் என்று மட்டும் ஒரு நிமிடம்கூட எனக்குத் தோன்றவில்லை. அவர் எடுத்த முடிவைத்தான் நானும் எடுத்திருந்தேன். அவராவது செடியைக் காப்பாற்ற நினைத்தார்.

மன்னிப்புக் கடிதத்தை அழித்தேன்.

வியாழன் காலை பத்து மணிக்கு நாற்பத்தேழு. வெள்ளி காலை முப்பத்தெட்டு. ஃபேனைத் தொட்டியின் பக்கம் திருப்பினால் சீக்கிரம் காயும். எழுந்துபோய் அதன் அருகே நின்றுவிட்டுத் திரும்பிவந்தேன். இன்னொரு கை இதில் படக்கூடாது, என் கை உட்பட.

மூன்று மணிக்கு முப்பத்தாறு. பீஸ் லில்லியின் இலைகள் ஒவ்வொன்றாகத் தொங்க ஆரம்பித்தன. ஷிப்ட் முடிந்து வந்திருந்தவர் ஹாலுக்கும் வாசலுக்கும் நடந்துகொண்டிருந்தார்.

"செசி, இது தாங்காதுடி."

"தாங்கும்."

"கரண்ட்டு போய்ட்டா?"

"வாயை வச்சுக்கிட்டுச் சும்மா இருங்க."

உட்கார்ந்தார். எழுந்தார். மறுபடி உட்கார்ந்து, கைகள் இரண்டையும் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டார். நான்கு மணிக்கு முப்பத்தைந்து. நான்கே காலுக்கும் முப்பத்தைந்துதான். அந்த எண்ணைப் பார்த்துப் பார்த்து என் கண்ணே காய்ந்துவிட்டது.

நான்கு முப்பத்தொன்றுக்கு, பக்கெட்டுக்குள் பூனைக்குட்டி உறுமுவதுபோல ஒரு சத்தம் கேட்டது. குழாயின் நுனியிலிருந்து தண்ணீர் மெல்லிய கம்பியாக மண்ணில் விழுந்தது. எட்டு விநாடி. நின்றது.

"ஓடுதுடி! ஓடிருச்சி!" அவர்தான் கத்தினார்.

இந்தச் சந்தோஷம் இரண்டு வாரத்துக்கு முன்னால் எனக்குச் சேரவேண்டியது. வந்து சேர்ந்தபோது நான் களைத்துப்போயிருந்தேன்.

பட்டியலைத் திறந்து, கடைசியில் ஒரு புதிய நெடுவரிசை சேர்த்தேன். தலைப்பு: தண்ணீர் விட்டது யார். ஏழு தாவல்களுக்கு எதிரேயும் ஒரே வார்த்தையை ஏழு முறை தட்டச்சு செய்தேன். எட்டாவதற்கு எதிரே 'பம்ப்' என்று எழுதினேன்.

தோளுக்குப் பின்னால் நின்று படித்தார்.

"அந்த ஏழையும் எடுத்துடேன். அவுங்க என்னா நெனப்பாங்க?"

"ரெக்கார்ட் முழுசா வேணும்னு சொல்லியிருக்காங்க."

"என் பேரையுமா போடணும்?"

"பேர் போடல. கணவர்னுதான் போட்டிருக்கேன்."

நான்கு ஐம்பதுக்கு அனுப்பினேன். அவர் ஹால் மூலையைக் கைகாட்டினார்.

"அந்த மணி பிளாண்ட்டும் காஞ்சிதான் கெடக்கு. அதுக்காவது ஊத்தலாமா?"

இருபது நாட்களாக வீட்டில் இன்னொரு செடி இருப்பதையே நான் மறந்திருந்தேன்.

"அதுல சென்சார் இல்ல," என்றேன். "ஊத்துங்க."