போனவர்கள் கணக்கில் இல்லை

மிக்தாலியா கதவுக்குக் குறுக்கே வந்து நிற்கவில்லை. நின்றிருந்தால் எலாதியோவுக்குச் சௌகரியமாக இருந்திருக்கும். அவளை ஒரு சத்தம் போட்டுவிட்டு அந்தச் சூட்டிலேயே படியிறங்கிப் போயிருக்கலாம். அவளோ அடுப்படியில் முதுகைக் காட்டிக்கொண்டு காபி வடிகட்டியபடி, "இன்னைக்கு ஒருநாள் நீ போகலைன்னா பூங்கா இடிஞ்சா விழுந்துடும்?" என்று மட்டும் கேட்டாள். குரலில் கோபமும் இல்லை, கெஞ்சலும் இல்லை.

"போகலைன்னா பயந்துட்டான்னு சொல்லுவானுங்க" என்றார் எலாதியோ.

"சொன்னா சொல்லிட்டுப் போறானுங்க. உனக்கு அவனுங்க முக்கியமா?"

முக்கியம்தான். ஆனால் பெண்டாட்டியிடம் அதை ஒத்துக்கொள்ள முடியுமா? செருப்பை மாட்டிக்கொண்டு, நீலத் தொப்பியை எடுத்து, ஒரு கணம் யோசித்து, பிறகு வீம்பாகவே தலையில் வைத்துக்கொண்டார். காபியைக் குடிக்காமல் கிளம்பினார். இரண்டு நாளாக அவரை ஒரு விஷயம் அரித்துக்கொண்டிருந்தது. மிக்தாலியா அழவே இல்லை. பெற்ற பிள்ளை ஊரைவிட்டுப் போய்விட்டான் என்று கேட்ட தாய் இப்படியா இருப்பாள்? அதற்கு மேல் அந்த யோசனையைப் போகவிடாமல் அவர் பிடித்து வைத்திருந்தார்.

செய்தி விளையாட்டுத் துறையிலிருந்து வந்தது. ஹவானாவின் நீல அணி ஒரு பேஸ்பால் போட்டிக்காக மெக்சிகோ போயிருந்தது. மகன் யோஸ்னியேல் அந்த அணியின் ஷார்ட்ஸ்டாப். இரண்டாம் தளத்துக்கும் மூன்றாம் தளத்துக்கும் நடுவே நிற்கிறவன். அடித்த பந்தில் பாதி அவன் பக்கம்தான் வரும், வந்தது எதுவும் அவனைத் தாண்டாது. சட்டைப் பொத்தானைக் கழுத்துவரை போட்ட இரண்டு பேர் வந்து சோபாவில் உட்கார்ந்து, காபி வாங்கிக் குடித்துவிட்டு, "உங்க பையன் நேத்து காலைச் சாப்பாட்டுக்கு இறங்கி வரலை" என்றார்கள். இந்த ஊரில் அதற்கு ஒரே அர்த்தம்தான். ஆள் விடுதியின் பின்வாசல் வழியாக எவனோ ஒரு தரகனின் காரில் ஏறி அமெரிக்க எல்லையைப் பார்க்கப் போயிருப்பான். இனி அவன் ஆட்டமெல்லாம் வடக்கே, டாலருக்கு. வருஷக்கணக்கில் ஊர்ப்பக்கம் தலைகாட்ட முடியாது. வானொலியில் ஆட்டம் சொல்கிறவர்கள் அவன் பெயரை வாயில் எடுக்க மாட்டார்கள். வந்தவர்களில் ஒருவர் சுவரில் இருந்த படத்தைப் பார்த்து, "நல்லா ஆடுவான்" என்றார், செத்துப்போனவனைப் பற்றித் துக்க வீட்டில் சொல்வதுபோல.

எலாதியோ பேருந்துப் பணிமனையில் எஞ்சின் கழற்றி மாட்டியே ஓய்வு பெற்றவர். கைக்கு வேலை போன பிறகு வாய்க்குத்தான் வேலை. மத்தியப் பூங்காவில், சிலையைத் தாண்டி, மரநிழலில் ஒரு மூலை உண்டு. சூடான மூலை என்று பெயர். விடிந்ததிலிருந்து பொழுது சாயும்வரை அங்கே பேஸ்பால் பேச்சுத்தான். ஹவானாவின் நீலம் பலமா, சாந்தியாகோவின் சிவப்பு பலமா என்று நாற்பது ஐம்பது பேர் கழுத்து நரம்பு புடைக்கக் கத்துவார்கள். வெளிநாட்டுப் பயணிகள் அடிதடி என்று நினைத்துக் கைப்பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு விலகிப் போவார்கள். யாரும் யாரையும் அடித்ததில்லை. கோழிக்கறிக்கு வரிசையில் நின்று, கிடைக்காமல் திரும்புகிற மனிதன் எங்கேயாவது கத்தத்தானே வேண்டும்? இங்கே கத்தினால் எவனும் கேள்வி கேட்பதில்லை.

கத்தலுக்கும் ஒரு முறை உண்டு. வாதம் முற்றினால் ஆளுக்கு ஒன்பது பேரைச் சொல்ல வேண்டும். இன்றைக்கு ஆடுகிறவன், என்றைக்கோ ஆடினவன், யாராக இருந்தாலும் சரி, உன் அணியின் ஆகச் சிறந்த ஒன்பது. பந்து வீசுகிறவனில் தொடங்கி, சுண்டுவிரலிலிருந்து ஒவ்வொன்றாக மடக்கிக்கொண்டே வர வேண்டும். ஆறாவது ஷார்ட்ஸ்டாப். வாடகைக் கார் ஓட்டும் ஃபெர்மின் நடுவர். அவனுக்கு எந்த அணி மேலும் பக்தி கிடையாது, அதனால்தான் நடுவர்.

முறைக்குள் ஒரு விதியும் உண்டு. அந்த விதியைப் போட்டவர் எலாதியோ. சாந்தியாகோ பக்கம் எப்போதும் வாதாடுகிறவர் நிக்கானோர். கிழக்கிலிருந்து பிழைக்க வந்து, ஹவானாவிலேயே கட்டட வேலை செய்து நரைத்தவர். வாயில் எலாதியோவுக்கு ஈடு கொடுக்கிற ஒரே ஆள். அவருடைய அக்கா மகன் லியோனிஸ் சிவப்பு அணிக்குப் பந்து வீசிய காலத்தில், நிக்கானோர் சுண்டுவிரலை மடக்கி அந்தப் பெயரைச் சொன்னதுமே நீலக்காரர்களுக்கு மூச்சடைத்துவிடும். லியோனிஸுக்கு முன்னால் நிறுத்த ஹவானாவில் ஆளில்லை. அப்புறம் ஒரு கோடையில் அவனும் காலைச் சாப்பாட்டுக்கு இறங்கி வராமல் போனான். மறுவாரம் வாதத்தில் தோற்கும் நிலையில் இருந்த எலாதியோ, பளிச்சென்று, "நிறுத்துய்யா! போனவனை எப்படிச் சேர்ப்பே? செத்தவனைச் சேர்த்துக்கோ, அவன் இந்த மண்ணுலதான் கிடக்கான். போனவன் கணக்குல இல்லை!" என்றார். கூட்டம் ஓவென்று கத்தியது. ஃபெர்மின் தலையாட்டினான். அன்றைக்கு நீலம் ஜெயித்தது. மறுநாளிலிருந்து நிக்கானோர் சுண்டுவிரலுக்கு வேறு யாரோ ஒரு சுமாரான பெயரைச் சொல்லப் பழகிக்கொண்டார். விதி நிலைத்துவிட்டது. அதற்குப் பிறகு போனவர்களின் பெயரெல்லாம் இரண்டு பக்கத்திலும் உதிர்ந்துகொண்டே இருந்தது. எலாதியோவுக்கு அது ஒரு பொருட்டாகவே இல்லை, அவருடைய ஆறாவது விரலுக்கு யோஸ்னியேல் இருந்தான். போன வாரம்கூட நிக்கானோரே, "ஷார்ட்டுல உன் பையனை அடிச்சுக்க ஆளில்லை, அதை நான் மறுக்கலை" என்று சொல்லியிருந்தார்.

எலாதியோ மூலைக்கு வந்தபோது சத்தம் அடங்கியது. அடங்கியது தெரியக்கூடாது என்று நாலு பேர் அவசரமாக மழையைப் பற்றிப் பேசினார்கள். ஃபெர்மின் பெஞ்சில் இடம்விட்டு, "உட்காருங்கண்ணே" என்றான். என்றைக்கும் இல்லாத திருநாளாக அண்ணன் என்கிறான். அந்த மரியாதை பிடிக்காமல் எலாதியோ பெஞ்சின் ஓரத்தில் உட்கார்ந்தார்.

நிக்கானோர்தான் காப்பாற்றினார். "யோவ் தகரடப்பா! வாயை வீட்டுலயே கழட்டி வச்சுட்டு வந்துட்டியா? உன் நீலம் இந்த வருஷம் எந்தப் பள்ளத்துல போய் விழப்போகுதுன்னு சொல்லு, கேப்போம்."

"உன் சிவப்பு ஏற்கெனவே விழுந்து கிடக்கிற பள்ளம் இருக்கே, அதுல இடம் இருந்தாத்தானே நாங்க விழ முடியும்?" எலாதியோவின் வாய் தானாகவே சொன்னது. கூட்டம் சிரித்தது. அப்பாடா என்ற சிரிப்பு.

"எங்களுக்காவது மட்டையைத் தூக்கத் தெரியும். உங்க ஆளுங்க மட்டையை ஊன்றுகோலா வச்சிருக்கானுங்க."

"தூக்கி என்ன பண்ண, கொசு அடிக்கவா? கிழக்கத்திக்காரனுக்கு எது தெரியுதோ இல்லையோ, பேச்சு மட்டும் சாந்தியாகோவிலிருந்து இங்கே வரைக்கும் நீளும்."

அரைமணி நேரம் இப்படியே போனது. எலாதியோ கத்தினார், கையை ஆட்டினார், தொப்பியைக் கழற்றித் தொடையில் அடித்தார். தொண்டை கமறியது. இரண்டு நாளில் முதல் தடவையாக மார்பில் இருந்த பாரம் கொஞ்சம் இறங்கியது. நிக்கானோர் தனக்காகத்தான் வலிய வம்புக்கு வந்தார் என்பதும் அவருக்குத் தெரிந்தது. நன்றியாக இருந்தது. எரிச்சலாகவும் இருந்தது.

அப்போது பின்னாலிருந்து எவனோ வழக்கம்போல, "ஒன்பதைச் சொல்லுங்கப்பா!" என்று கத்திவிட்டான். கத்திய பிறகுதான் அவனுக்கே உறைத்திருக்கும். பக்கத்தில் இருந்தவன் அவன் விலாவில் இடித்தான்.

"நான் முதல்ல சொல்றேன்" என்றார் நிக்கானோர். எழுந்து நின்றார். சிமெண்ட் தின்று தடித்த கையை எல்லாருக்கும் தெரியும்படி உயர்த்தி, சுண்டுவிரலை மடக்கினார். எலாதியோவின் முகத்தையே பார்த்துக்கொண்டு, நிதானமாக, "லியோனிஸ்" என்றார்.

பூங்காவுக்கு வெளியே பழைய கார் ஒன்று முக்கி முனகிக் கிளம்புவது கேட்டது. அந்த மூலையில் அத்தனை வருஷமாக யாரும் சொல்லாத பெயர் அது. ஃபெர்மின் தயங்கித் தயங்கி ஆரம்பித்தான். "நிக்கானோர், விதி..."

"விதி எனக்குத் தெரியும். போட்டவர் இங்கேதானே இருக்கார். அவர் வேணாம்னு சொல்லட்டும், எடுத்துடறேன்."

எல்லாரும் எலாதியோவைப் பார்த்தார்கள். அவர் ஒன்றுமே சொல்ல வேண்டியதில்லை. வாயை மூடிக்கொண்டு இருந்தால் போதும்; லியோனிஸ் உள்ளே வந்துவிடுவான். அவன் வந்தால், முறை வரும்போது ஆறாவது விரலை மடக்கி யோஸ்னியேல் என்று சொல்லலாம். எவனும் மறுக்க மாட்டான். அதற்காகத்தான் இந்த மனிதர் கையைத் தூக்கி நிற்கிறார் என்பது சின்னக் குழந்தைக்குக்கூடப் புரியும்.

எலாதியோவுக்கும் புரிந்தது. புரிந்ததுதான் வினையாகிவிட்டது. விதி இவ்வளவு சுலபமாக எடுத்துவிடக்கூடியது என்றால், இத்தனை வருஷம் அது எதற்காக இருந்தது? ஒரு மத்தியான வாதத்தில் ஜெயிப்பதற்காக இந்த ஆளின் அக்கா மகனைப் பேச்சிலிருந்தே துடைத்து எறிந்தோம் என்றுதானே ஆகும்? தன் வீட்டில் இழவு விழுந்ததும் விதி தளர்ந்துவிட்டது என்று நாளைக்கு இதே கூட்டம் சிரிக்காதா? அதற்குக் கீழே இன்னொன்றும் இருந்தது. தகப்பனிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் போனவன் மேல் இருந்த கோபம். சாப்பாட்டில் பாதியை ஒதுக்கிக் கொடுத்து, சாயங்காலமெல்லாம் பந்து உருட்டிப் போட்டு வளர்த்த பிள்ளை, வாசலில் கட்டிப்பிடித்து, "அடுத்த வாரம் பாக்கலாம்ப்பா" என்று பச்சையாகப் பொய் சொல்லிவிட்டுப் போனான். அந்தக் கோபம் மூலையில் நின்ற நாற்பது பேரையும்விடப் பெரிதாக இருந்தது.

"போனவன் போனவன்தான்" என்றார் எலாதியோ.

நிக்கானோரின் கை அப்படியே நின்றது. "நல்லா யோசிச்சுச் சொல்றியா?"

"யோசிக்க என்ன இருக்கு? கணக்குல இல்லை. வேற ஆளைச் சொல்லு."

"நான் சொல்றது இருக்கட்டும். உன் ஒன்பதைச் சொல்லேன்."

எலாதியோ எழுந்தார். சுண்டுவிரலை மடக்கினார். பந்து வீசுகிறவன், பிடிக்கிறவன், முதல் தளம், இரண்டாம் தளம், மூன்றாம் தளம். இடது கை முழுவதும் மூடிக்கொண்டது. வலது கையை உயர்த்தினார். யாரோ இருமினார்கள். "ஷார்ட்ஸ்டாப், எர்மெலிந்தோ" என்றார்.

எர்மெலிந்தோ பதினைந்து வருஷத்துக்கு முன்னால் இரண்டு பருவம் ஆடியவன். குனிவதற்குச் சோம்பல், பந்து அவன் கால் நடுவில் போகும். இதே மூலையில் எலாதியோவே அவனைக் கம்பிக் கதவு என்று கிண்டல் செய்திருக்கிறார். இப்போது அவனுக்காகத் தொண்டை கிழியப் பேசினார். அவன் கை பலம், அவன் பொறுமை, மழையில் அவன் ஆடிய ஒரு ஆட்டம். அப்படி ஒரு ஆட்டம் நடந்ததா என்று அவருக்கே நிச்சயமில்லை. பலர் தரையைப் பார்த்தார்கள்.

முடித்ததும் நிக்கானோர் பெஞ்சிலிருந்து தன் துணிப்பையை எடுத்துத் தட்டித் தோளில் போட்டுக்கொண்டார். "நீலம்தான் பலம். நான் ஒத்துக்கறேன். நீ ஜெயிச்சுட்டே, எலாதியோ" என்றார். பட்டப்பெயர் இல்லை, யோவ் இல்லை. சிலையைச் சுற்றிக்கொண்டு, கிழக்கத்திக்காரர்கள் குடியிருக்கும் தெருப்பக்கம் நடந்து போனார். யாரோ ஒருவன் பழக்கதோஷத்தில் கைதட்டத் தொடங்கி நிறுத்தினான். நாளைக்கு அவர் வரமாட்டார் என்று எலாதியோவுக்குத் தோன்றியது. அப்புறம் யாரோடு கத்துவது?

வீட்டுப் படி ஏறும்போதே தொலைபேசி அடிப்பது கேட்டது. உள்ளே போனபோது மிக்தாலியா பேசிக்கொண்டிருந்தாள், சிரிப்பும் அழுகையும் கலந்த குரலில். "சாப்பிடறியா? பச்சைப் பையை அங்கேயே விட்டுட்டியா? அதுலதானேடா நான் எல்லாம் வச்சேன்..." அவரைப் பார்த்ததும் நிறுத்தினாள். எலாதியோ அவளையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"உனக்குத் தெரியும்" என்றார்.

"தெரியும்." அவள் கண்ணைத் தாழ்த்தவில்லை. "உன்கிட்டேயும் சொல்லணும்னுதான் துடிச்சான். 'அப்பா என்னை அன்னைக்கே கணக்குல இருந்து எடுத்துடுவாரும்மா, கிளம்புறவரைக்குமாவது அதுல இருந்துட்டுப் போறேன்'னு சொன்னான். நான் என்ன செய்யட்டும்?" ரிசீவரை நீட்டினாள். "லைன் எப்போ வேணா போயிடும். பேசு."

அவர் அதை வாங்கிக் காதுக்கும் தோளுக்கும் நடுவே இடுக்கிக்கொண்டார். அந்தப் பக்கம் இரைச்சல். எங்கேயோ லாரிகள் ஓடிக்கொண்டிருந்தன. "அப்பா?" என்றான் யோஸ்னியேல். பிறகு அவன், ஆட்டம் முடிந்து ஊர் ஊராகத் திரியும்போதெல்லாம் கூப்பிட்டுக் கேட்கிற அதே கேள்வியை, அதே குரலை வரவழைத்துக்கொண்டு கேட்டான். "இன்னைக்கு மூலைக்குப் போனியாப்பா?"

"போனேன்."

"யாரு ஜெயிச்சா?"

"நாமதான்."

"அப்படிப் போடு!" அவன் சிரித்தான். சிரிப்பு பாதியில் நின்றது. "ஷார்ட்டுல யாரைப்பா சொன்னே?"

எலாதியோ குனிந்து தன் கைகளைப் பார்த்தார். இடது கை எப்போது மூடிக்கொண்டது என்று அவருக்குத் தெரியவில்லை. வலது கையில் சுண்டுவிரல் மட்டும் பாதி மடங்கி நின்றது. "அப்பா, கேக்குதா? இருக்கியா?" என்றான் அவன், லாரிகளுக்கு மேலாகச் சத்தமாக. மிக்தாலியா எட்டி அந்த விரலைப் பிடித்துக்கொண்டாள், மடக்கவும் விடாமல், நீட்டவும் விடாமல்.