பழைய குழிகள்

புல்டோசர் முதல் குழியை மூடியபோது ஊர்ப் பெரியவர் தோர்யாலை கையைக் கட்டிக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்தார். அப்போதாவது வாயைத் திறந்திருக்கலாம். திறக்கவில்லை.

சாலை வேலைக்குக் காவலாக வந்த வெளிநாட்டுப் பட்டாளத்தின் கேப்டன், மலையிலிருந்து வரிசையாக இறங்கும் அந்தக் குழிகள் என்னவென்று போன வாரம் ஊர்ப் பெரியவர்களைக் கூட்டிக் கேட்டிருந்தான். எல்லாம் கரேஸின் வாய்கள். நிலத்துக்கடியில் ஓடும் அந்தச் சுரங்க வாய்க்கால் இல்லையென்றால் ஊரில் ஒரு பாதாம் மரம் நிற்காது. ஆனால் சாபூல் மாகாணத்துப் பக்கம் சீருடைக்காரனிடம் எவன் தண்ணீர்க் கதை பேசுவான்? ஒரு காலத்தில் வரி கேட்டார்கள். ரஷ்யர்கள் வந்தபோது ஆள் ஒளிகிறான் என்று உள்ளே குண்டு போட்டார்கள்.

"பழைய குழிங்க சாயிபு. உள்ள ஒண்ணும் இல்ல," என்றார் தோர்யாலை.

வெளியே வந்ததும், "நல்லாக் காது குத்தினீங்கண்ணே," என்று பக்கத்துத் தோப்பு ஹக்யார் அவர் முதுகில் தட்டினான்.

ஒன்றுமில்லாத குழியென்றால் எதிரிகள் சாலையோரம் வெடி ஒளித்து வைக்க வசதியாயிற்றே. மூடச் சொல்லிவிட்டான் கேப்டன். அவன் மேல் ஒரு தப்பும் இல்லை. புல்டோசர் வந்த அன்றாவது உண்மையைச் சொல்லியிருந்தால் கொஞ்சம் மானம் போயிருக்கும், அவ்வளவுதான். அந்நியன் முன் பொய்யனாக நிற்பதா என்ற பாழாய்ப்போன வீம்பு. ஊரே அவர் முகத்தைப் பார்த்தது. அவர் தரையைப் பார்த்தார்.

கொட்டிய மண் உள்ளே அடைத்து, வாய்க்காலில் தண்ணீர் மெலிந்து நின்ற பிறகுதான் முகாமுக்குப் போனார். கேப்டன் முழுவதும் கேட்டுவிட்டு மெதுவாக ஏதோ சொன்னான்.

"அன்னைக்கே ஏன் சொல்லலன்னு கேக்கறார்," என்றான் காபூல்கார மொழிபெயர்ப்பாளன். பிறகு தானாகவே குரலைத் தாழ்த்தினான். "ரோட்டோரம் மண்வெட்டியோட ஆளப் பாத்தா சுடச் சொல்லி உத்தரவு மாமா. தோண்ட அனுமதி மேலேருந்து வரணும். அதுக்குள்ள கோடை முடிஞ்சிரும். யாரையும் அங்க அனுப்பிராதீங்க."

திரும்பி வந்தபோது மனைவி ஸ்பொஜ்மை வறண்ட வாய்க்காலில் குந்தி, சேற்றில் துடித்த பொடி மீன்களை மாவு பிசையும் தாம்பாளத்தில் எடுத்துப் போட்டுக்கொண்டிருந்தாள். கரேஸ் மீனை அந்த ஊரில் யாரும் தின்பதில்லை.

"பட்டாளத்தான் என்ன சொன்னான்?"

தோர்யாலை அவளெதிரே குந்தினார்.

"சரி, இதுங்கள எங்க கொண்டுபோய் விடறது? அதையாவது சொல்லுங்க."

அவர் தாம்பாளத்தின் மறுபக்கத்தைப் பிடித்தார். இருவரும் எழுந்து நின்றார்கள். எந்தப் பக்கம் நடப்பதென்று இருவருக்கும் தெரியவில்லை. கையளவு நீரில் மீன்கள் ஓட்டத்தைத் தேடிச் சுற்றிச் சுற்றி வந்தன.