ஒற்றைக் காது

சூப்பில் மாவு கலந்திருந்தார்கள். வாயில் வைத்ததுமே எனக்குத் தெரிந்துவிட்டது. காய்கறி வெந்து கரைந்து வரும் கெட்டி வேறு, மாவைக் கரைத்து ஊற்றி வரவழைத்த கெட்டி வேறு. முதலாவது நாக்கிலிருந்து தானாக இறங்கிப் போய்விடும். இரண்டாவது மேல் அண்ணத்தில் ஒட்டிக்கொண்டு, வீட்டைக் காலி பண்ண மாட்டேன் என்று அடம் பிடிக்கும்.

"மாவு," என்றேன்.

"கையிலயும் மாவுக்கட்டு, சூப்புலயும் மாவுக்கட்டா?" என்று சொல்லிவிட்டு என் வீட்டுக்காரர் தானே சிரித்துக்கொண்டார். மணிக்கட்டை உடைத்துக்கொண்ட இருபது நாளில் இந்த மாவு நகைச்சுவையை அவர் நாலாவது தடவையாகச் சொல்கிறார்.

குளியலறையில் வழுக்கி விழுந்தேன். வலது கை, முழங்கை வரைக்கும் கட்டு. அவருக்கு வெந்நீர் வைக்கத் தெரியும், அதற்கு மேல் தெரியாது. அதனால் எங்கள் வட்டாரத்தில் இருக்கிற பார்சல் கடைகளையும் காபிக் கடைகளையும் ஒவ்வொன்றாகச் சோதித்துப் பார்ப்பது என்று ஆரம்பித்தோம். நான் ருசியை வைத்துச் சந்தேகப்படுவேன். அவர் மீட்டரை வைத்துச் சந்தேகப்படுவார். முப்பத்தொரு வருஷம் வீடு வீடாகப் போய் மின்சார மீட்டர் கணக்கு எடுத்த மனிதர், கடைக்குள் நுழைந்ததும் மெனுவைப் பார்க்க மாட்டார், மீட்டர் எங்கே இருக்கிறது என்று பார்ப்பார். "இவ்வளவு மெதுவா சுத்துதுன்னா ஃப்ரிட்ஜை அணைச்சு வெச்சிருக்கான். கோழி வேண்டாம்," என்பார். மூலையில் இருந்த காபிக் கடையில் நுரையை விலக்கிப் பார்த்தால் அடியில் காபி ஒளிந்துகொண்டிருந்தது. சாண்ட்விச் கடையில் வெட்டின ஓரத்தில் மட்டும் முட்டையைக் குவித்து வைத்துவிட்டு உள்ளே வெறும் ரொட்டி. பொரித்த கோழிக் கடையில் உருளைக்கிழங்கைக் கடித்தால் நேற்றைய மீன் வந்து நலம் விசாரித்தது. இப்படிப் பத்துக் கடையைத் தாண்டி வந்த பதினோராவது கடைதான் இந்த மாவு சூப் கடை. சலவைக் கடைக்கும் சாவி செய்கிறவர் கடைக்கும் நடுவில், இரண்டே மேசை போட்டு, போன மாதம்தான் திறந்திருக்கிறார்கள்.

"இந்தக் கடைக்கும் ஒரு கும்பிடு," என்றபடி அவர் அவித்த முட்டைக்கு உப்பு இருக்கிறதா என்று வாங்கி வந்த பார்சல் பையின் அடியில் துழாவினார். இரண்டு காகிதப் பொட்டலங்களை எடுத்து என் தட்டுக்குப் பக்கத்தில் போட்டார்.

பார்த்ததும் என் கையிலிருந்த கரண்டி சூப்புக்குள் போய்விட்டது.

தீப்பெட்டியில் பாதி அளவுப் பொட்டலங்கள். நடுவில் பொடியை வைத்து, கீழே இருந்து ஒரு மடிப்பு, மேலே இருந்து ஒரு மடிப்பு, இரண்டு பக்கத்தையும் பின்னால் கொண்டுபோய் ஒன்றின் வாலை இன்னொன்றின் வாய்க்குள் சொருகி, ஓரத்தைக் கட்டைவிரல் நகத்தால் ஒரே இழுப்பு. என் அப்பா கம்பவுண்டர். டாக்டர் எழுதிக் கொடுத்த மருந்துப் பொடியை இப்படித்தான் மடிப்பார். சரி, பொட்டலம் மடிக்கத் தெரிந்தவர்கள் உலகத்தில் எத்தனையோ பேர். ஆனால் உப்புப் பொட்டலத்தின் மேல் மூலையில் ஒரு குட்டி மடிப்பு இருந்தது. மிளகுப் பொட்டலத்தில் இரண்டு மூலையிலும் இருந்தது. அப்பா அதைக் காது என்பார். படிக்கத் தெரியாத நோயாளிகளுக்காக அவரே யோசித்துக் கண்டுபிடித்தது. ஒரு காது என்றால் காலையில் சாப்பிட வேண்டும், இரண்டு காது என்றால் ராத்திரி. அந்தக் காதை மூன்று பேர்தான் மடித்திருக்கிறோம். அப்பா, நான், என் தம்பி.

"என்ன, உள்ள பூச்சியா?" என்றார் இவர்.

"ஒண்ணுமில்ல. சாப்பிடுங்க." பொட்டலங்களை எடுத்து மடியில் வைத்துக்கொண்டேன். அவர் உப்பில்லாமலே முட்டையைச் சாப்பிட்டு முடித்தார், பார்வை மட்டும் என் மடியிலேயே இருந்தது.

தம்பியை வீட்டில் பொடியன் என்று கூப்பிடுவோம். கடைக்குட்டி என்பதால் வந்த பெயர்தான். பொடி மடிக்கிறவன் பொடியன்தானே என்று அப்பா அதற்கு ஒரு விளக்கம் வைத்திருந்தார். பொடியன் எங்களை விட்டுப் போய்ப் பத்தொன்பது வருஷம். அவனாகப் போகவில்லை, நான் கேட்ட ஒரு கேள்வி அனுப்பியது. அப்பா படுத்த படுக்கையாக இருந்தார். காலையில் இதயத்துக்கு ஒரு பொடி, ராத்திரி தூக்கத்துக்கு ஒரு பொடி. தம்பிதான் பக்கத்திலேயே இருந்து கொடுத்தான். ஒருநாள் காலையில் மருந்து கொடுத்த பிறகு தூங்கினவர், பிறகு எழுந்திருக்கவே இல்லை. சொந்தக்காரர்கள் எல்லாரும் கூடத்தில் நிற்கும்போது நான் அவனைப் பார்த்துக் கேட்டேன்: "ரெண்டு காதுப் பொட்டலத்தைக் காலையில குடுத்துட்டியாடா?" அவன் என்னையே பார்த்துக்கொண்டு நின்றான். "ஒரு காதுதான்க்கா இருந்துச்சு," என்றான். அதற்கு அப்புறம் யார் எது கேட்டாலும் வாயைத் திறக்கவில்லை. வயது எழுபத்தெட்டு, இதயம் களைத்துப் போய்விட்டது, பொட்டலம் காரணமில்லை என்று டாக்டர் சொன்னார். கேள்வி கேட்டபோது இருந்த கூட்டம் டாக்டர் பதில் சொன்னபோது இல்லை. எல்லாம் முடிந்த மறுநாள் அவன் ஒரு பையோடு கிளம்பிப் போனான். அவ்வளவுதான்.

மறுநாளும் அந்தக் கடை சூப்தான் வேண்டும் என்றேன். அதற்கு மறுநாளும்.

"மாவுன்னு சொன்ன கடையா?"

"மாவு வயித்துக்கு நல்லதுதான்."

அவர் பையை எடுத்துக்கொண்டு கிளம்பினார். ஆனால் வாசல் கதவை மூடும்போது ஒரு தடவை திரும்பிப் பார்த்தார். நாற்பத்திரண்டு வருஷத்தில் நான் ஒரு சாப்பாட்டைக் குறை சொல்லிவிட்டு இரண்டாவது தடவை கேட்டதில்லை.

நாலாவது நாள் நானே கிளம்பினேன், கூடவே அவரும் வந்தார். கல்லாவில் நாற்பது வயதுப் பெண் ஒருத்தி, தலையில் வலைத் தொப்பி. அவளுக்குப் பின்னால் சுவரில் ஒரு முழ அகலத்துக்குத் திறப்பு. அதன் வழியாகத்தான் சாப்பாடு வெளியே வருகிறது. வருகிற கைகளைப் பார்த்து அடையாளம் கண்டுபிடித்துவிடலாம் என்று நினைத்துப் போயிருந்தேன். இரண்டு கையிலும் பிளாஸ்டிக் உறை. பாழாய்ப்போன சுத்தம். முகம் தெரிகிற உயரத்தில் சுவர் இருந்தது.

"இந்தப் பொட்டலம் நல்லா இருக்கே. யார் மடிக்கிறது?" என்றேன்.

அவள் என் கட்டைப் பார்த்தாள், அப்புறம் இவரைப் பார்த்தாள். இவர் வழக்கம்போல மீட்டருக்கு நேராக நின்று, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, வாயால் எண்ணிக்கொண்டிருந்தார்.

"எதுக்கும்மா கேக்கறீங்க? உள்ள ஏதாவது இருந்துச்சா?"

"இல்லம்மா. சும்மாதான்."

"நாலு நாளா சார் வர்றார், மீட்டரைப் பார்க்கறார், போறார். இன்னிக்கு நீங்க வந்து பொட்டலத்தைக் கேக்கறீங்க. ஆபீஸ்லேர்ந்து வந்திருந்தா நேரா சொல்லிடுங்க. லைசென்ஸ் அதோ மாட்டியிருக்கு."

"அவர் எங்க போனாலும் மீட்டர் பார்ப்பார். கல்யாணத்தன்னிக்கே எங்க வீட்டு மீட்டரைப் பார்த்தவர்."

அவள் சிரிக்கவில்லை. "பொட்டலமெல்லாம் ரெடிமேடா வருது," என்றாள்.

அது பொய். ரெடிமேடாக வருவதில் நகம் இழுத்த தடம் இருக்காது. அவள் பொய் சொல்கிறாள் என்று தெரிந்ததும் எனக்குத் தைரியம் வந்தது. கூடவே பயமும் வந்தது. உள்ளே இருக்கிறவன்தான் அப்படிச் சொல்லச் சொல்லியிருக்கிறானா? அந்தத் திறப்பு வழியாக நான் தெரிந்திருப்பேனா? இல்லை, அப்பாவின் பழைய நோயாளி வீட்டு யாரோ, பார்த்துப் பார்த்துக் கற்றுக்கொண்ட யாரோ, உள்ளே நிம்மதியாக வெங்காயம் நறுக்கிக்கொண்டிருக்கிறார்களா? நறுக்கும் சத்தம் கேட்டுக்கொண்டுதான் இருந்தது. அந்தத் திறப்புக்குப் பக்கமாகப் போய், யாரையும் கூப்பிடாத மாதிரி, "பொடியா," என்றேன்.

நறுக்கும் சத்தம் நின்றது.

"யாரைக் கூப்பிட்டீங்க?" என்றாள் கல்லாப் பெண்.

"யாரையும் இல்ல. மிளகு முழுசா இருக்குமா, பொடியான்னு கேட்டேன்."

நான் மனசுக்குள் ஏழு எண்ணினேன். மறுபடியும் நறுக்கும் சத்தம் ஆரம்பித்தது, முன்னைவிட மெதுவாக.

வீட்டுக்கு வந்ததும் இவர் பார்சலைப் பிரிக்காமல் மேசை மேல் வைத்தார். "இப்ப சொல்லு," என்றார். "சூப்பும் இல்ல, மாவும் இல்ல. அங்க உள்ள இருக்கறது யாரு? உன் தம்பியா?"

மூன்று நாளாகச் சேர்த்து வைத்திருந்த ஆறு பொட்டலத்தையும் எடுத்துப் பரப்பினேன். காதுகளைக் காட்டினேன். அவர் ஒன்றொன்றாகத் திருப்பிப் பார்த்தார்.

"அவனேதான்னா, போய் நின்னு பேச வேண்டியதுதானே. அன்னிக்கு ஏதோ துக்கத்துல கேட்டுட்டேன்டான்னு சொல்லேன். ஒளிஞ்சு ஒளிஞ்சு சூப் குடிப்பாங்களா?"

"துக்கத்துல கேக்கல."

"பின்ன?"

பத்தொன்பது வருஷமாகச் சொல்லாமல் வைத்திருந்ததை, ஆறிப்போன சூப்புக்கு முன்னால் உட்கார்ந்து சொன்னேன். "அப்பாதான் தன் மருந்தைத் தானே மடிச்சு வைப்பார்னு எல்லாரும் நினைச்சீங்க. கடைசி வாரம் அவருக்குக் கை நடுங்குச்சு. முந்தின நாள் சாயங்காலம் மடிச்சது நான்."

"நீ எத்தனை காது வெச்ச?"

"அதுதான் தெரியல. மடிச்சிட்டு இருக்கும்போது ஃபோன் வந்துச்சு. தோள்ல இடுக்கிக்கிட்டுப் பேசிட்டே மடிச்சேன். விரல் தானா மடிச்சுது. ராத்திரிப் பொடிக்கு ரெண்டாவது காது வெச்சேனா, வெக்காம விட்டேனா... எத்தனையோ தடவை யோசிச்சுட்டேன், ஞாபகம் இல்ல. என் மேல சந்தேகம் வந்துடக்கூடாதேன்னு அவனைக் கேட்டேன்."

அவர் பொட்டலங்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினார். "ஊர்ல இருக்கற மீட்டரெல்லாம் பார்த்தேன்," என்றார் கடைசியில். "வீட்டுக்குள்ள ஒண்ணு ஓடிட்டே இருந்திருக்கு."

அதற்கு அப்புறம் எழுந்து போய், காலண்டரில் ஒரு தாளைக் கிழித்து, சதுரமாக வெட்டிக்கொண்டு வந்தார். இடது கையால் நான் எழுதினேன். ஒன்றாம் வகுப்புப் பிள்ளை எழுதின மாதிரி எழுத்துகள் ஒன்றின்மேல் ஒன்று சாய்ந்தன. "அன்று மடித்தது நான்." அவ்வளவுதான். இன்னும் எழுதலாம் என்று பார்த்தேன், வரவில்லை. அதை இன்னொரு காலண்டர் தாளில் வைத்து மடிக்க வேண்டும். கட்டுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்த விரல்கள் சொன்னபடி கேட்கவில்லை. அவர் தன் விரலால் ஓரத்தை அழுத்திப் பிடிக்க, நான் மடித்தேன். வால் வாய்க்குள் போகாமல் மூன்று தடவை வெளியே வந்தது. நகத்தால் இழுத்தது கோணலாகப் போயிற்று. காது வைக்கவில்லை. எத்தனை வைப்பது? இதைப் பார்த்தால் அவனுக்கு என் மடிப்பு என்று தெரியவே தெரியாது என்று நினைத்தேன். பிறகு, தெரியாவிட்டாலும் பரவாயில்லை, அவனாக இல்லாவிட்டால் யாரோ குப்பையில் போட்டுவிடுவார்கள் என்று நினைத்தேன். அப்படி நினைத்ததும் கொஞ்சம் நிம்மதியாக இருந்தது. அந்த நிம்மதியின் மீதும் எனக்குச் சந்தேகம்தான்.

அடுத்த நாள் மதியம் அதை அந்தப் பெண்ணிடம் கொடுத்தேன். "உள்ள குடுத்துடும்மா. உப்பு அதிகமா வந்துடுச்சு, திருப்பிக் குடுக்கறேன்னு சொல்லு." அவள் வாங்கி, கையில் வைத்து எடை பார்க்கிற மாதிரி பார்த்தாள். அப்புறம் திறப்பு வழியாக நீட்டினாள். உறை போட்ட கை அதை வாங்கிக்கொண்டது. நாங்கள் மேசையில் உட்கார்ந்தோம். உள்ளே புகை இழுக்கும் விசிறி இரைந்தது. எங்களுக்கு அப்புறம் வந்த இரண்டு பேர் வாங்கிக்கொண்டு போய்விட்டார்கள். எங்கள் பார்சல் வரவில்லை. "அடுப்பு அணைஞ்சிருச்சு போல," என்று இவர் மெதுவாகச் சொன்னார். அரைமணி நேரம் கழித்துப் பை வந்தது. அந்தப் பெண் அதை என் இடது கையில் மாட்டிவிட்டாள்.

"பார்த்துப் போங்க," என்றாள்.

தெருவுக்கு வந்த பிறகுதான் உறைத்தது. நேற்று என்னை அம்மா என்று கூப்பிட்டவள், இன்றைக்கு அதைச் சொல்லவில்லை. அதற்குப் பதிலாக அண்ணி என்றோ வேறு எப்படியோ கூப்பிடவும் இல்லை. அந்த இடம் காலியாக இருந்தது.

வீட்டில் பையைக் கவிழ்த்தோம். உப்பு, ஒரு காது. மிளகு, இரண்டு காது. மூன்றாவதாக இன்னொன்று. என் காலண்டர் தாள்தான். என் கோணல் மடிப்பின் தடங்கள் தேய்த்து நீவப்பட்டு, அதன் மேலேயே ஒழுங்காகப் புதிதாக மடிக்கப்பட்டிருந்தது. வால் வாய்க்குள் பதவிசாகப் போயிருந்தது. பிரித்தேன். நான் எழுதின சீட்டு உள்ளே இல்லை, அவன் எழுதின சீட்டும் இல்லை. உப்பு ஒரு கல் கூட இல்லை. மேல் மூலையில் மட்டும் ஒரு காது.

"ஒரு காதுன்னா காலையிலதானே?" என்று இவர் முகம் மலர்ந்தார். "காலையில வரச் சொல்றான்."

"ஒரு காதுதான்க்கா இருந்துச்சுன்னு அன்னிக்குச் சொன்னான். அதையே திருப்பிச் சொல்றானோ என்னவோ."

"அப்ப வர வேண்டாங்கறானா?"

அந்தத் தாளை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன், முகர்ந்து பார்த்தேன். வெங்காய வாசனை. கோபமாக இழுத்த நகமா, சாதாரணமாக இழுத்த நகமா என்று தடவிப் பார்த்தேன். அப்பா இருந்தால் சொல்லியிருப்பார்.

காலையில் ஏழு மணிக்கெல்லாம் கடைக்கு முன்னால் நின்றேன். பதினொன்றுக்குத்தான் திறப்பார்கள் என்று பலகையில் எழுதியிருந்தது. இவர் சாவிக்காரர் கடைப் படியில் உட்கார்ந்து, நான் உன்னோடு வரவில்லை என்கிற மாதிரி வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார். சலவைக் கடையில் இயந்திரம் ஓட ஆரம்பித்து, அந்த வெதுவெதுப்பான சோப்பு வாசனை வந்தது. பொட்டலம் என் இடது கைக்குள் வியர்த்துப் போயிருந்தது.

ஷட்டர் உள்ளிருந்து கிறீச்சிட்டு, முழங்கால் உயரத்துக்கு ஏறி நின்றது. ரப்பர் செருப்புப் போட்ட இரண்டு பாதங்கள் தெரிந்தன. ஈரத் தரையில், எனக்கு நேராக. ஷட்டர் அதற்கு மேல் ஏறவில்லை, கீழேயும் இறங்கவில்லை. பாதங்களும் நகரவில்லை. குனிந்தால் முகம் தெரிந்துவிடும். நான் நிமிர்ந்தே நின்றேன்.