கட்டை அழுத்தியவள்

வியாழக்கிழமை காலை ஒரு பெண் போன் செய்தாள்.

"உங்க அப்பாவோட செருப்பு ஒரு ஜோடி எங்க வீட்டுல கெடக்கு. ஞாயித்துக்கிழமை நினைவுக் கூட்டத்துக்கு வர்றப்போ கொண்டு வரட்டுமா?"

எந்த ஊர் என்று கேட்டேன். ஊரைச் சொல்லி, தையல்காரம்மா வீடு என்று கேட்டால் யாரும் காட்டுவார்கள் என்றாள். அப்பா வேலைக்காக அடிக்கடி போன ஊர். யோசித்துச் சொல்கிறேன் என்று வைத்துவிட்டேன். செருப்பைத் திருப்பி வாங்க என்ன யோசனை என்று அவள் நினைத்திருப்பாள்.

அப்பா ஆலயங்களில் குழல் ஆர்கனுக்கு, அதன் குழாய் ஒவ்வொன்றுக்கும், சுருதி சேர்ப்பவர். பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஊர் ஊராகப் போவார். எங்கே இருந்தாலும் சாயங்காலம் போன் வரும். சாப்பிட்டீங்களா, ஜெபம் பண்ணியாச்சா, அவ்வளவுதான். சனிக்கிழமை வீடு திரும்பிவிடுவார். ஞாயிறு ஆராதனைக்கு எங்களோடு வராமல் இருந்ததே இல்லை. குடும்பஸ்தன் என்றால் இவரைப் போல இருக்க வேண்டும் என்று போதகர் அடக்கத்தன்று சொன்னார். ஞாயிற்றுக்கிழமை அதையே நான் சபை முன்னால் நின்று சொல்ல வேண்டும்.

அவருடைய செருப்பு எங்கள் வாசலில்தான் இருந்தது. யாருக்கும் எடுக்க மனம் வரவில்லை.

தம்பியிடம் மட்டும் சொன்னேன்.

"வெளியூர் போற மனுஷன் செருப்பைக் கால்ல மாட்டிக்கிட்டுத்தானே திரும்பி வரணும்?" என்றான். "அங்க தனியா ஒரு ஜோடி இருந்தா என்ன அர்த்தம்?"

"நீயே சொல்லு."

"நான் எதுக்குச் சொல்லணும்? நீதான் மூத்தவ."

"ஒரு நடை போய்ப் பார்த்துட்டு வாயேன்."

"நான் போனா கோபத்துல கை நீண்டுடும் அக்கா."

"உனக்கா? கரப்பான் பூச்சியப் பார்த்தா கட்டில் மேல ஏறுறவன்."

"அங்க என்ன குசுகுசுன்னு?" என்று அம்மா சமையலறையிலிருந்து கேட்டாள். கூட்டத்துக்கு நாற்காலி போதுமா என்று பேசுகிறோம் என்றோம். அம்மா வாசல்படி வரை வந்து எங்கள் இருவரையும் பார்த்துவிட்டுப் போனாள்.

சனிக்கிழமை பஸ் ஏறினேன். அந்தப் பெண் கூட்டத்துக்கு வரக் கூடாது. அதைச் சொல்லத்தான் போனேன். அம்மா எதிரில், சபை எதிரில், ஒரு பையில் அப்பாவின் செருப்போடு அவள் வந்து நிற்பதை நான் பார்க்க வேண்டியதில்லை.

பஸ் நிற்கும் இடத்தில் ஒரு டீக்கடை. தையல்காரம்மா வீடு எது என்று கேட்டேன். கடைக்காரர் என் முகத்தைப் பார்த்தார்.

"ஆர்கன்காரர் பொண்ணா? மூக்கு அப்படியே இருக்கே. ஆலயத்துக்கு எதிர் வீடு. அவர் வந்தா அங்கதானே."

"அங்கதான்னா?"

கடைக்காரர் மேசையைத் துடைத்தார். "சாப்பாடு அங்கதான்னு சொன்னேன்."

வீட்டின் முன்னறை முழுக்கத் துணி. மெஷினில் பாதி தைத்த பள்ளிச் சீருடை. கழுத்தில் டேப் தொங்க எழுந்து வந்தாள். அம்மா வயது இருக்கும்.

"மூத்தவதானே? வாம்மா. டீக்குச் சர்க்கரை போட மாட்ட இல்ல?"

நான் யார் என்று இன்னும் சொல்லவில்லை.

"தம்பிக்கு வேலை நிரந்தரமாச்சா? அம்மாவுக்கு முட்டியில ஊசி போட்டாங்களா?"

ஊசி விஷயம் சொந்த அத்தைக்கே தெரியாது.

"இதெல்லாம் யார் சொன்னது?"

"அண்ணன்தான்."

மறைக்க ஏதாவது இருப்பவர்கள் எல்லாரும் அண்ணன் என்றுதான் சொல்வார்கள் என்று நினைத்துக்கொண்டேன். அவள் ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டாள்.

"சாயங்காலம் வீட்டுக்குப் போன் போடுவாரே, இதுல உக்காந்துதான். உன் குரலெல்லாம் எனக்குப் பழக்கம்."

நான் உட்காரவில்லை.

செருப்பைக் கொண்டு வந்து வைத்தாள். துணிச்செருப்பு. அடியில் பொட்டு மண் இல்லை. தெருவில் நடந்த செருப்பு இல்லை அது. உள்ளே நடக்கிற செருப்பு.

"இதைப் போட்டுக்கிட்டு அப்பா எங்க நடப்பார்?"

கேட்ட விதம் எனக்கே நன்றாக இல்லை. அவள் கழுத்து டேப்பைக் கழற்றி வைத்தாள்.

"அதுக்குத்தான் வந்தியா? சரி வா." ஆணியில் இருந்த சாவியை எடுத்தாள்.

ஆலயத்தில் யாரும் இல்லை. ஆர்கனின் பக்கவாட்டில் ஒரு பலகைக் கதவு. திறந்து காட்டினாள். உள்ளே காடு மாதிரி குழாய்கள். நடுவில் ஓர் ஆள் ஒருக்களித்துப் போகும் அளவுக்குப் பலகை.

"தெருச்செருப்போட உள்ள போனா மண்ணு கொட்டும். அதுக்குத்தான் அந்தச் செருப்பு. அவர் உள்ள, நான் வெளிய. நான் வாசிக்கிற கட்டை ஒண்ணை அழுத்திப் பிடிச்சுக்குவேன், அவர் அந்தக் குழாயைச் சரி பண்ணுவாரு. 'அடுத்தது'ம்பாரு. அடுத்த கட்டைக்குப் போவேன். பொழுதன்னைக்கும் இதே வேலை. மூஞ்சிகூடத் தெரியாது."

"அப்பா தனியாத்தான் வேலை செய்வார். கட்டை அழுந்தி நிக்க மேல வைக்கன்னு ஈயக்கட்டி வெச்சிருந்தார்."

வீட்டில் அப்படித்தான் சொல்லியிருந்தார். ஈயக்கட்டிகளை நானே பெட்டியில் பார்த்திருக்கிறேன்.

"வெச்சிருந்தாருதான். முதல் தடவை அதை வெச்சுட்டு உள்ள போறதும் வெளிய வர்றதுமா இருந்தாரு. நான் பெருக்க வந்தவ. பாவமேன்னு ஒரு கட்டையைப் பிடிச்சேன். அதோட சரி, அப்புறம் ஈயக்கட்டியை வெளிய எடுக்கவே இல்ல."

"உள்ள வெளிய போய் வர அப்பாவுக்கு முட்டி வலியா?"

"அதெல்லாம் இல்ல. ஈயக்கட்டிகிட்ட பேச முடியாதே. அண்ணன் ஓயாம பேசுவாரு."

எங்கள் அப்பாவா? குழம்பில் உப்பு இல்லையென்றால் வாய் திறக்காமல் எழுந்து போய்ப் போட்டுக்கொள்கிறவர்.

"என்ன பேசுவார்?"

"உங்களைத்தான். வேற என்ன தெரியும் அவருக்கு? சில நாள் எனக்கே சலிச்சுப் போகும். போதும்ணே, உங்க பிள்ளைங்க புராணம், குழாயைப் பாருங்கம்பேன்."

சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. செருப்பைவிட இது மோசமாக இருந்தது. எங்களிடம் பேசாததையெல்லாம் ஒரு மரச்சுவருக்குப் பின்னால் நின்று இவளிடம் பேசியிருக்கிறார். பேசினார் என்று இவள் சொல்கிறாள். கேட்டதற்கெல்லாம் கையோடு பதில் வைத்திருந்தாள். அதுவும் எனக்குப் பிடிக்கவில்லை.

"உங்களைப் பத்தி ஏன் வீட்டுல ஒரு வார்த்தை சொல்லல?"

"நானும் கேட்டேன்."

"என்ன சொன்னார்?"

"அடுத்ததுன்னாரு."

கதவைச் சாத்தினாள். கைப்பிடியிலேயே கையை வைத்திருந்தாள்.

"நாளைக்கு வராதீங்கன்னு சொல்லத்தானே பஸ் ஏறி வந்த? சொல்லிட்டுப் போ. நான் ஒண்ணும் நினைச்சுக்க மாட்டேன்."

"அம்மா கேட்டா என்ன சொல்லுவீங்க?"

"கேட்டதுக்குப் பதில் சொல்லுவேன். கேக்கலைன்னா பின்னாடி உக்காந்து பாடிட்டு வந்துடுவேன்."

வேண்டாம் என்ற சொல் நாக்கு நுனியில் இருந்தது. சொன்னால், தப்பு இருந்தது என்று நானே தீர்ப்புச் சொன்னதாகிவிடும். பிறகு எந்த முகத்தோடு சபை முன்னால் நிற்பது?

"வாங்க" என்றேன்.

ஞாயிற்றுக்கிழமை வந்தாள். கடைசி வரிசையில் உட்கார்ந்தாள். நான் பார்ப்பதற்கு முன்பே அம்மா பார்த்துவிட்டாள்.

"அது யாரு?"

"வெளியூர்ல அப்பாவுக்குக் கட்டை அழுத்துனவங்க."

அம்மா மறுபடி திரும்பி அவளைப் பார்த்தாள்.

"ஈயக்கட்டி இருந்துச்சே" என்றாள்.

தம்பி மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தான். அம்மா முட்டியைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள். பின்வரிசை வரை நடந்தாள். சபை மொத்தமும் திரும்பியது.

"முன்னாடி வாங்க."

"இங்கயே பரவாயில்லக்கா."

"உங்களுக்குப் பரவாயில்ல. எனக்கு என் கண் பார்வையில இருக்கணும். வாங்க."

கூட்டி வந்து தன் பக்கத்தில் உட்கார வைத்தாள்.

போதகர் என்னை அழைத்தார். முன்னால் போய் நின்றேன். அப்பாவின் விசுவாசம், அவர் போன ஊர்கள், அவர் கை பட்டு மறுபடி பாடிய ஆர்கன்கள் என்று சொல்லிக்கொண்டு வந்தேன். அம்மா அவள் காதருகே குனிந்து ஏதோ கேட்டாள். கேள்வி சின்னதாக இருந்தது. பதில் அப்படி இல்லை. அம்மா நேரே பார்த்தபடி கேட்டுக்கொண்டிருந்தாள். மறுபடி குனிந்தாள். மறுபடி ஒரு கேள்வி.

"எங்க அப்பா குடும்பத்துக்காகவே" என்று தொடங்கினேன்.

அம்மா என் பக்கம் திரும்பாமலே, கொஞ்சம் சும்மா இரு என்பதுபோல் ஒரு விரலை உயர்த்தினாள்.

நிறுத்தினேன். சபை என்னைப் பார்த்தது. அம்மாவும் அவளும் பேசி முடிக்கட்டும் என்று நின்றுகொண்டிருந்தேன்.