வெட்டிய பச்சை வயர்

கடையில் விற்கிற வயரில் கரண்ட் எடுத்துப் பாட்டுக் கேட்பது பாவம் என்பது ஸ்ரீஸ்கந்தராசாவின் கட்சி. அதனால் தன் அம்ப்ளிபையருக்கு அவரே வயர் செய்துகொண்டார். தடித்த செப்பு வயர்கள் மூன்றை முறுக்கி, மேலே கறுப்பு வலைச் சட்டை போட்டு, முனையில் ப்ளக் பூட்டினார். முடிந்தபோது அது சாரைப்பாம்பு மாதிரிக் கிடந்தது. மனைவி லீலாதேவி அதைத் தாண்டும்போதெல்லாம் சேலைக் கரையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு போனாள்.

அவ்வளவு பாடுபட்டும் ஸ்பீக்கரில் ஒரு இரைச்சல் போகமாட்டேன் என்றது. மூன்று வயர் செய்து பார்த்தார். முதலாவதில் பொறி பறந்தது, மற்ற இரண்டும் இரைந்தன. நான்காவதில் பொறுமை போய், ப்ளக்குக்குள் இருந்த பச்சை வயரை, அதாவது எர்த்தை, வெட்டிவிட்டார். இரைச்சல் அடியோடு நின்றது. வெட்டியதை மறைத்துவிட்டு, "பாத்தீரே, என்ர வயரை!" என்று மனைவியிடம் மார்தட்டினார்.

கூடவே ஒரு வாக்கும் வாங்கினார். பொறி பறந்த நாளிலிருந்து, வெள்ளிக்கிழமைகளில் தரையையும் அம்ப்ளிபையரையும் ஈரத்துணியால் துடைக்கமுன் லீலாதேவி மெயின் சுவிட்சை நிறுத்திவிடுவாள். அது அவருக்கு மானப் பிரச்சினையாக இருந்தது.

"அம்ப்ளிபையர் எந்த நேரமும் சூடாய் இருக்கவேணும் லீலா. நிப்பாட்டினால் சத்தம் கெட்டுப்போம். இனி மெயினில கை வைக்கக்கூடாது."

"சரி," என்றாள் அவள்.

மூன்று வாரமாக நிறுத்தாமல் ஓடியதில் சத்தம் கண்ணாடியாகத் தெளிந்துவிட்டது என்று கண்டவரிடமெல்லாம் அளந்துகொண்டு திரிந்தார். இந்த வெள்ளிக்கிழமை, கம்பளையில் அவர் வேலை செய்கிற கந்தோரில், மூன்று மணித் தேநீரோடு, அதை அஸ்ஃபரிடமும் அளந்தார். அஸ்ஃபர் கந்தோரில் மின்சார வேலை பார்ப்பவன்.

"இரைச்சல எப்பிடி சேர் நிப்பாட்டினீங்க?"

பெருமையில் உண்மை வாயில் வந்துவிட்டது. "எர்த்தை வெட்டிவிட்டன்."

அஸ்ஃபர் கோப்பையைக் கீழே வைத்தான். "அம்ப்ளிபையர்ட தகரப் பெட்டியில கரண்ட் கசிஞ்சா இனி எதால எறங்கும் சேர்? தொடுற ஆளாலதான் எறங்கும். தொட்டா கை சுள்ளுங்குதா?"

நேற்று வெறுங்காலோடு வொலியூமைத் திருப்பியபோது விரல் சுள்ளென்றது. புது வயரின் வேகம் என்று அதற்கும் சந்தோஷப்பட்டிருந்தார், பெரிய மனிதர். அந்தப் பழைய வாடகை வீட்டில், கரண்ட் கசிந்தால் தானாக வெட்டுகிற ட்ரிப் சுவிட்சும் கிடையாது. மணி மூன்று பத்து. மூன்று மணிக்கு லீலாதேவி துடைக்கத் தொடங்கியிருப்பாள். மெயினை நிறுத்தியிருக்கமாட்டாள். வாக்குக் கொடுத்திருக்கிறாளே.

வீட்டுப் போனுக்கு அடித்தார். மணியே போகவில்லை. அவளுடைய கைப்பேசி, வெடித்த கண்ணாடியை மாற்றுவதற்காக, அவருடைய பையிலேயே கிடந்தது. அயல் வீட்டு இலக்கம் ஒன்றுகூட அவரிடம் இல்லை. அதையெல்லாம் வைத்திருப்பவள் லீலாதேவிதான்.

வீடு இருக்கிற கண்டிக்குப் போகும் பஸ்ஸில் இடம் இருந்தும் அவர் உட்காரவில்லை. உட்கார்ந்தால் பஸ் இன்னும் மெதுவாகப் போகும்போல இருந்தது. ஒவ்வொரு தரிப்பிலும் போனை எடுத்து அடித்தார். செத்த போன் செத்தபடியே இருந்தது. பேராதனையில் வாகனங்கள் நத்தையாக ஊர்ந்தபோது பைக்குள் அவளுடைய கைப்பேசி அலறியது. லண்டனிலிருந்து மகள் சாருஜா. என்ன சொல்வது? அம்மா எங்கே என்றால் எங்கே என்று சொல்வது? அது அலறி ஓயும்வரை பையை நெஞ்சோடு அமுக்கிப் பிடித்துக்கொண்டு நின்றார். கெட்டம்பேயில் அதற்குமேல் பொறுக்கமுடியாமல் இறங்கி ஒரு த்ரீவீலில் ஏறினார்.

மஹய்யாவ ஏற்றத்தில் வீட்டுக் கதவு திறந்தே கிடந்தது. முன் அறைச் சீமெந்துத் தரையில், அம்ப்ளிபையருக்குப் பக்கத்தில், லீலாதேவி கண்ணை மூடிக் கிடந்தாள். கையருகே ஈரத்துணி.

ஓடிப்போய்த் தூக்கத்தான் உடம்பு துடித்தது. ஆனால் முதலில் கரண்டை வெட்டவேண்டும் என்று எங்கேயோ ஒரு மூலையில் புத்தி வேலை செய்தது. மெயின் சுவிட்சிடம் பாய்ந்து கையை வைத்தார்.

அது ஏற்கெனவே நிறுத்தப்பட்டிருந்தது.

"என்னப்பா, இண்டைக்கு நேரத்தோட?" பின்னால் லீலாதேவி எழுந்து உட்கார்ந்திருந்தாள். அவருடைய கை சுவிட்சில் இருப்பதைக் கண்டதும் முகம் களவு பிடிபட்ட மாதிரி ஆகிவிட்டது. "கோவிக்காதேங்கோ. ஒவ்வொரு வெள்ளியும் நிப்பாட்டிப்போட்டுத்தான் துடைக்கிறனான். ஈரம் காய்ஞ்சாப்போல, நீங்கள் வரமுதல் போட்டுவிடுவன். ஃபேன் ஓடாததால கொஞ்சம் தரையில சரிஞ்சனான்."

"போன்?"

"கரண்ட் இல்லாட்டி, ரவுட்டரில பூட்டின அந்தப் போன் எங்க வேலை செய்யிறது?"

"என்ர சொல்லை ஒரு வெள்ளியும் கேக்கேல்லையா?"

"உங்கட கைவேலையெண்டால் எனக்குப் பயமப்பா."

மூன்று வாரமாக நிறுத்தாமல் ஓடித் தெளிந்த அந்தச் சத்தம் அவர் நினைவில் வந்தது. வேறொரு நாளாக இருந்தால் வீடு இரண்டுபட்டிருக்கும். இன்றைக்கு அவர் சுவிட்சிலிருந்து கையை எடுத்தார். அவள் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தார்.

"நான் எர்த்தை வெட்டினனான், லீலா. உமக்குச் சொல்லேல்லை."

அவள் பதில் சொல்வதற்குள் பைக்குள் கைப்பேசி மறுபடி அலறியது. எடுத்து அவளிடம் நீட்டினார்.

"எங்கையம்மா போனனீங்கள்? எவ்வளவு நேரமாய் அடிக்கிறன்!" சாருஜாவின் குரல் அறை முழுக்கக் கேட்டது.

லீலாதேவி அவரையே பார்த்துக்கொண்டு சொன்னாள்.

"நான் இஞ்சதான் இருக்கிறன், பிள்ளை."

ஸ்ரீஸ்கந்தராசா சுவர்ப்பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு அழுதார்.