சட்டைப்பையில் கிடந்த திருகாணி

கைக்குட்டையைத் தேடிய மின்பணியாளரின் விரல்களில் ஒரு திருகாணி தட்டுப்பட்டது. காலையில் புகை உணர்வியைச் சோதித்தபோது தையற்கூடத்தார் மிரளாதிருக்க, அபாய மணிக்குச் செல்லும் கம்பியை இந்தத் திருகாணியோடு கழற்றியவர், அதனை மீண்டும் பொருத்த மறந்திருந்தார். அக்கூடத்தின் மூன்றாம் மாடியில்தான் அவருடைய மனைவி தைத்துக்கொண்டிருந்தாள். உடனே அவளைத் தொலைபேசியில் அழைத்தார்.

“அங்க ஏதாச்சும் புகை வாடை வருதா?”

“லேசா கருகுற வாடை வருதுங்க. எல்லாரும் எந்திரிச்சாங்க. நான்தான், ‘எங்க வீட்டுக்காரர் மாட்டுன மணி, நெருப்புன்னா ஊரையே கூட்டும்’னு உட்கார வச்சேன்.”

“ஐயோ, அந்த மணி அடிக்காதுடி! எல்லாரையும் கூட்டிட்டுக் கீழ இறங்கு!”

மறுமுனையில் நாற்காலிகள் உருண்டன. படிகளில் திமுதிமுவெனக் காலடிகள் கேட்கும்வரை அவருக்குப் போன உயிர் திரும்பவில்லை. பின்னர் இருமலுக்கிடையே அவள் குரல் வந்தது.

“எல்லாரும் இறங்கிட்டோம். வீட்டுக்கு வாங்க, இருக்கு உங்களுக்கு!”