வடக்கே இறங்கிய சூரியன்

என் நாற்காலியை வாசலிலிருந்து தூக்கிக்கொண்டு போய் வாஷிங் மெஷின் பக்கத்தில் போட்டுவிட்டார்கள். கேட்டால், வீட்டுக்கு வருகிற அதிர்ஷ்டத்தை நான் மறித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேனாம். அதுவும் இருபத்தேழு வருடமாக!

பேராக்கில் லகாட் என்கிற ஊரில் எங்களுடையது வரிசை வீடு. கிரில் கதவுக்கு ஒரு முழம் உள்ளே, நடையில் என் பிரம்பு நாற்காலி. அங்கே உட்கார்ந்தால் தெருவில் போகிற எவரும் எனக்குப் பதில் சொல்லாமல் தாண்ட முடியாது. ஒருமுறை ஒரு திருடன்கூட என்னிடம் வழி கேட்டுக்கொண்டு அடுத்த தெருவுக்குப் போனான். பொய்யென்றால் எதிர்வீட்டு லூயிஸைக் கேளுங்கள். அவனுக்கு ஒன்றும் தெரியாது, ஆனாலும் ஆமாம் என்பான்.

என் மகன் சுகுமாரனுக்கு மூன்று தடவை பதவி உயர்வு தட்டிப்போனது. உடனே மருமகள் தினேஸ்வரி ஒரு ஃபெங் சுய் மாஸ்டரை வரவழைத்தாள். வந்தது சுங்கை சிப்புட் சதாசிவம். போன வருடம் வரை பள்ளி பஸ் ஓட்டிக்கொண்டிருந்தவன். இப்போது சிவப்புப் பட்டுச் சட்டை, கையில் சோற்றுத் தட்டு அகலத்துக்கு ஒரு திசைகாட்டி.

"செருப்பெல்லாம் வாசல்ல இறைஞ்சி கிடக்குக்கா, அலமாரில வைங்க. கண்ணாடி கதவப் பாத்து இருக்கக்கூடாது. உள்ள வர்ற சி அப்படியே திரும்பிப் போயிடும்" என்றான்.

சி என்றால் நல்ல சக்தியாம். காற்று மாதிரி வாசல் வழியாக வருமாம். செருப்பு விஷயத்தில் எனக்கு ஆட்சேபணை இல்லை. அதைத்தான் நானும் வருடக்கணக்காகச் சொல்லி வருகிறேன். பட்டுச் சட்டை போட்டுக்கொண்டு சொல்லவில்லை, அவ்வளவுதான்.

பிறகு திசைகாட்டியை கிரில் கம்பியோடு அணைத்து வைத்தான். முள் ஆடியது, நின்றது.

"வீடு வடக்கப் பாக்குது. வடக்கு வாசல்ல இப்படிக் கனமான பொருள் இருந்தா பதவி வராது."

"எது கனமான பொருள்? நாற்காலியா?" என்றேன்.

அவன் என்னை ஏற இறங்கப் பார்த்தான். "ரெண்டுந்தான் ஐயா."

"கோவப்படாதீங்க மாமா, பின்னால நல்லா காத்து வரும்" என்றாள் தினேஸ்வரி. சவர்க்காரத்தூள் வாடைதான் வந்தது.

திசைகாட்டியைப் பற்றி எனக்குச் சொல்ல வேண்டாம். தோட்டத்தில் நில அளவைக்காரருக்குச் சங்கிலி பிடித்தவன் நான். ஒருநாள் இடுப்பில் பாராங் கத்தியோடு திசைகாட்டி பக்கத்தில் நின்றுவிட்டேன். இரும்பைக் கண்ட முள் என் பக்கம் திரும்பிக்கொண்டது. அது காட்டிய வழியே எல்லைக் கல் நட்டுக்கொண்டே போனோம். ரப்பர் மரமெல்லாம் முடிந்து நெல் வயல் வந்த பிறகுதான் அளவைக்காரருக்குச் சந்தேகம் தட்டியது. வந்து நின்ற ஊர் பாரிட் புந்தார்! அந்த வயல்காரர் நல்ல மனிதர், சோறு போட்டு அனுப்பினார்.

அப்படிப்பட்ட என் கண் முன்னால், இரும்புக் கம்பியில் முள்ளைச் சாய்த்து வைத்துக்கொண்டு இவன் வடக்கு என்கிறான். இருபத்தேழு வருடமாகச் சாயங்கால வெயில் என் மூஞ்சியில் அடிக்கிறது. பேராக்கிலேயே என் வீட்டுக்கு மட்டும் சூரியன் வடக்கே இறங்குகிறதா?

சொல்லிப் பார்த்தேன்.

"அவரு முறையாப் படிச்சவருப்பா" என்றான் மகன். "ரெண்டு நாள் கோர்ஸ்."

நாலு நாள் பின்னால் கிடந்தேன். லூயிஸ் பின்சந்து வழியாக வந்து எட்டிப் பார்த்தான். "என்ன அண்ணே, ஆளையே காணோம்? உங்களையும் துவைக்கப் போட்டுட்டாங்களா?"

அதற்குமேல் பொறுக்க முடியவில்லை. வாசலில் அதிர்ஷ்ட மணி ஒன்று மாட்ட சதாசிவம் மறுபடி வரவேண்டியிருந்தது. மாலை ஆறரைக்கு வரச் சொல்லி நானே போன் போட்டேன். நாற்காலியை நானே இழுத்துவந்து பழைய இடத்தில் போட்டேன்.

"மாஸ்டர் நிக்கலாமா? உக்காருங்க லா" என்றேன்.

உட்கார்ந்தான். லூயிஸ் வீட்டுக் கூரைக்கு மேலே சூரியன் இறங்கி நேராக அவன் முகத்தில் அடித்தது. முதலில் கண்ணைச் சுருக்கினான். பிறகு கையை வைத்து மறைத்தான். கடைசியில் திசைகாட்டியையே தூக்கிக் குடை பிடித்தான்.

"வடக்குல இவ்வளவு வெயிலா மாஸ்டர்?"

அந்தத் தட்டை வாங்கி சுகுமாரன் கையில் கொடுத்து, இரும்பில்லாத நடுத்தெருவில் அவனை நிற்க வைத்தேன். முள்ளைப் பார்த்தான், வீட்டைப் பார்த்தான். "மேற்குதான். அப்பா சொன்னது சரிதான், பெத்துல் லா" என்று முனகினான்.

சதாசிவம் அசரவில்லை. "மேற்குன்னா எல்லாமே மாறிடும்க்கா. வாசல்ல கனம் கட்டாயம் இருக்கணும். இல்லாட்டி சி நேரா பின்கதவு வழியா ஓடிரும். நாற்காலி இங்கதான் இருக்கணும்." என்னைப் பார்த்தான். "ஆளும்."

ஜெயித்துவிட்டேன் என்றுதான் நினைத்தேன். மறுநாள் லூயிஸ் கோப்பிக் கடைக்குக் கூப்பிட்டான். எழுந்தேன். தினேஸ்வரி ஓடி வந்தாள்.

"மாமா! உக்காருங்க! அடுத்த வாரம் அவருக்கு இன்டர்வியூ!"

கோப்பி நாற்காலிக்கே வந்தது. லூயிஸ் கிரில்லுக்கு வெளியே நின்று, லாக்கப்பில் இருப்பவனைப் பார்க்க வந்தவன் மாதிரி பேசிவிட்டுப் போனான். கழிப்பறைக்குப் போனால், நான் வரும்வரை நாற்காலியில் பத்துக் கிலோ அரிசி மூட்டையை வைத்தாள். அறுபத்திரண்டு கிலோ மனிதனுக்குப் பத்துக் கிலோ பதிலாள்!

அதைக்கூட மன்னித்திருப்பேன். இன்டர்வியூ முடிந்து, பதவி உயர்வு கிடைத்துவிட்டது என்று சுகுமாரன் போன் பண்ணினான் பாருங்கள், அப்போது நான் கழிப்பறையில் இருந்தேன்.

இப்போது நாற்காலியில் அரிசி மூட்டை உட்கார்ந்திருக்கிறது. குங்குமப் பொட்டு வேறு. வாஷிங் மெஷின் பக்கத்திலிருந்து எட்டிப் பார்க்கிறேன். தெருவில் போகிறவர்கள் அதற்கு வணக்கம் வைக்கிறார்கள். முதல் ஆள் லூயிஸ்.